அடைப்புக்குறிக்குள் இரண்டெழுத்து: நபித்தோழர்களை சுன்னிகளும் ஷியாக்களும் பார்க்கும் விதம்

தமிழில் அச்சான இஸ்லாமியப் புத்தகம் எதையாவது எடுத்துப் புரட்டிப் பாருங்கள். அபூபக்கர் (ரலி), உமர் (ரலி), ஆயிஷா (ரலி), அலி (ரலி) என்று பெயருக்குப் பெயர் ஓர் அடைப்புக்குறி வரும். ‘ரலியல்லாஹு அன்ஹு’ என்பதன் சுருக்கம் அது. ‘அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக’ என்று பொருள். மூஸா, ஈஸா போன்ற நபிமார்களின் பெயருக்குப் பின்னால் (அலை) என்று போடுவார்கள். ‘அலைஹிஸ்ஸலாம்’, அவர்மீது சாந்தி உண்டாகட்டும்.

இப்போது இஸ்லாத்தின் இன்னொரு பெரும் பிரிவினரான ஷியாக்கள் எழுதிய புத்தகம் ஒன்றைத் திறந்தால், நபியின் மருமகன் அலியின் பெயருக்குப் பக்கத்தில் (அலை) நிற்கும். நபியின் மகள் பாத்திமா, பேரர்கள் ஹசன், ஹுசைன் ஆகியோருக்கும் அதே (அலை). நபிக்குப் பின் முதல் இரு கலீஃபாக்களாக (ஆட்சித் தலைவர்களாக) இருந்த அபூபக்கர், உமர் என்ற பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது.

பெரும்பான்மைப் பிரிவான சுன்னி வீட்டில் வளர்ந்த ஒருவர் அந்த வெற்றிடத்தைப் பார்த்தால் சுருக்கென்று இருக்கும். ஷியா வீட்டில் வளர்ந்தவருக்கோ, அலிக்கு எதிராக வாளெடுத்தவருக்கும் அலிக்கும் ஒரே (ரலி) போடுவதைப் பார்த்தால் அதே சுருக். இந்த இரண்டெழுத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 1,400 வருட வாதம் இருக்கிறது.

முதலில் இரண்டு தவறான எண்ணங்களை ஓரமாக வைத்துவிடுவோம். ஷியாக்கள் அலியை நபி என்று சொல்வதில்லை. முஹம்மதுதான் இறுதி நபி என்பதில் இரு தரப்புக்கும் இம்மியும் வேறுபாடு கிடையாது. அதேபோல, சுன்னிகள் நபி குடும்பத்தை மதிப்பதில்லை என்பதும் தவறு. தமிழ்நாட்டு முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் சுன்னிகள். அவர்கள் வீடுகளில் பாத்திமாவும் ஹசனும் உசேனும் இல்லாத தெருவைக் காட்டுங்கள் பார்ப்போம். பழைய முறையில் ஓதப்படும் வெள்ளிக்கிழமை குத்பாவின் (தொழுகைச் சொற்பொழிவின்) இரண்டாம் பகுதியில் நான்கு கலீஃபாக்களின் பெயரோடு பாத்திமா, ஹசன், ஹுசைன் பெயர்களும் சேர்ந்தே வரும். யாரை நேசிப்பது என்பதைவிட, யாரை நம்பி மார்க்கத்தை வாங்கிக்கொள்வது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

யார் தோழர்?

நபிகள் நாயகத்தின் தோழர்களை அரபியில் ஸஹாபா என்பார்கள், ஒருமையில் ஸஹாபி. சுன்னி அறிஞர்களிடம் நிலைபெற்றுவிட்ட இலக்கணத்தைச் சொன்னவர் 1449-ல் இறந்த எகிப்திய ஹதீஸ் (நபிமொழி) மேதை இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ. நபியை ஈமானோடு (நம்பிக்கையோடு) சந்தித்து, முஸ்லிமாகவே இறந்தவர் எவரோ அவர் ஸஹாபி. கவனியுங்கள், எத்தனை நாள் கூட இருந்தார் என்ற கேள்வியே இதில் கிடையாது. ஒருமுறை சந்தித்தாலும் போதும். அவர் தொகுத்த தோழர்களின் பெயரகராதியில் 12,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன.

எல்லோரும் ஒரே படித்தரம் என்று சுன்னிகள் சொல்வதில்லை. மக்கா வெற்றிக்கு முன்னால் செலவழித்துப் போரிட்டவரும் பின்னால் வந்தவரும் சமமாக மாட்டார்கள் என்று குர்ஆனே (57:10) சொல்கிறது. அபூபக்கர், உமர், உஸ்மான், அலி என்ற வரிசை உச்சியில். அப்புறம் சொர்க்கம் உண்டென்று நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் மற்றவர்கள். பத்ருப் போரில் நின்றவர்கள். இப்படி இறங்கிக்கொண்டே வரும். ஆனால் கடைசிப் படியில் நிற்பவரும் மற்ற எந்தத் தலைமுறையின் முஸ்லிமைவிடவும் உயர்ந்தவர். காரணம், அவருடைய கண்கள் நபியைப் பார்த்தன.

ஷியாக்கள் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான். நான் இங்கே ஷியா என்று சொல்வது பெரும்பான்மையினரான பன்னிரு இமாம் வழியினரை. பார்த்தது பெரும் பாக்கியம், சந்தேகமில்லை. ஆனால் பார்த்ததாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவாரா? நூஹ் நபியின் மனைவி கணவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தாரே, அவருக்கு அது உதவியதா என்று குர்ஆனின் 66-ஆம் அத்தியாயத்தைக் காட்டிக் கேட்பார்கள். மற்ற மனிதர்களைப் போலவே தோழர்களையும் ஆள் ஆளாக, செய்த செயலை வைத்து எடைபோட வேண்டும் என்பது அவர்கள் நிலை.

குகையும் படுக்கையும்

கருத்தாகச் சொன்னால் வறண்டுபோகும். ஓர் இரவைப் பார்ப்போம்.

622. மக்காவில் நபியைக் கொன்றுவிடுவதென்று குறைஷித் தலைவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். குலத்துக்கு ஓர் இளைஞனாகப் பொறுக்கி, எல்லோரும் சேர்ந்து வெட்டினால் பழிவாங்க யாராலும் முடியாது என்பது கணக்கு. அன்றிரவு நபி வீட்டைவிட்டு வெளியேறுகிறார். அவருடைய படுக்கையில், அவருடைய போர்வையைப் போர்த்திக்கொண்டு இளைஞர் அலி படுத்திருக்கிறார். வெளியே வாளோடு நிற்பவர்கள் நபிதான் உறங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நபியோ அபூபக்கரை அழைத்துக்கொண்டு தவ்ர் மலைக் குகைக்குப் போகிறார். தேடி வந்தவர்கள் குகை வாசல்வரை வந்துவிடுகிறார்கள். அபூபக்கர் கலங்குகிறார். ‘கவலைப்படாதீர், அல்லாஹ் நம்மோடு இருக்கிறான்’ என்கிறார் நபி.

இரண்டு நிகழ்ச்சிகளையும் இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் சுன்னி மேடையில் பேசுபவர் குகையில் அதிக நேரம் நிற்பார். ஷியா மேடையில் பேசுபவர் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பார்.

குகையைப் பற்றிக் குர்ஆனில் (9:40) வசனமே இருக்கிறது. ‘இருவரில் ஒருவராக’ என்றும் ‘தம் தோழரிடம்’ என்றும் அது சொல்கிறது. அந்த ஆபத்தில் உடனிருக்க நபி தேர்ந்தெடுத்த ஒரே மனிதர், குர்ஆனே ‘தோழர்’ என்று குறிப்பிட்ட மனிதர் அபூபக்கர் என்பது சுன்னிகளுக்கு மறுக்கமுடியாத சிறப்பு. ஷியா விரிவுரையாளர்கள் அதே வசனத்தைச் சொல் சொல்லாகப் பிரிப்பார்கள். ‘ஸாஹிப்’ என்பதற்குக் கூட இருந்தவர் என்பதற்குமேல் பொருள் இல்லை. கலங்காதே என்று சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த வரியில் ‘அவர்மீது அமைதியை இறக்கினான்’ என்று ஒருமையில் வருகிறது, அந்த ‘அவர்’ நபி மட்டுமே. அதோடு நிற்காமல், ‘அல்லாஹ்வின் திருப்தியை நாடித் தன்னையே விற்றுவிடும் மனிதரும் உண்டு’ என்ற 2:207 வசனம் அன்றிரவு படுக்கையில் கிடந்த அலியைப் பற்றியதுதான் என்பார்கள்.

எனக்கு இந்த ஓர் இரவே பாதி விளக்கம் சொல்லிவிடுவதாகத் தோன்றுகிறது. இரு தரப்பிடமும் இருப்பது ஒரே ஊர், ஒரே ராத்திரி, ஒரே வேதம். விளக்கைத் தூக்கிப் பிடிக்கும் இடம்தான் வேறு.

முதல் முஸ்லிம் யார் என்ற கேள்வியும் இப்படித்தான். முதலில் நம்பியவர் மனைவி கதீஜா என்பதில் சண்டையில்லை. அடுத்து? வளர்ந்த ஆண்களில் முதல்வர் அபூபக்கர், சிறுவர்களில் முதல்வர் அலி என்று பாகம் பிரித்துச் சொல்வது சுன்னிகளிடம் பரவலான வழக்கம். ஆண்களில் முதல்வர் அலியே, அதைச் சிறுவர் கணக்கில் எழுதிக் குறைக்காதீர்கள் என்பார்கள் ஷியாக்கள்.

632: பிரியும் இடம்

ஹிஜ்ரி 10, துல்ஹஜ் 18. நபி தம் கடைசி ஹஜ்ஜை முடித்துவிட்டு மதீனாவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். வழியில் ஜுஹ்ஃபாவுக்கு அருகே கதீர் கும் என்ற நீர்நிலை. அங்கே கூட்டத்தை நிறுத்தி, அலியின் கையைப் பிடித்து உயர்த்தி, ‘நான் எவருக்கு மவ்லாவோ அவருக்கு அலியும் மவ்லா’ என்று அறிவித்தார்.

இதை ஷியாக்கள் கட்டிவிட்ட கதை என்று சிலர் நினைக்கிறார்கள். சுன்னி ஹதீஸ் தொகுப்புகளான திர்மிதீயிலும் முஸ்னத் அஹ்மதிலும் இது இருக்கிறது. தகராறு ‘மவ்லா’ என்ற ஒற்றைச் சொல்லில். அரபியில் அதற்குத் தலைவர், நண்பர், நேசர், விடுதலை செய்யப்பட்ட அடிமை என்று பல பொருள். தமக்குப் பின் தலைவர் அலி என்று நபி அறிவித்துவிட்டார் என்பது ஷியா வாசிப்பு. யமன் பயணத்தில் அலியோடு மனத்தாங்கல் கொண்டிருந்த சிலருக்கு, ‘என்னை நேசிப்பவர் அலியையும் நேசிக்கட்டும்’ என்று நபி உணர்த்தினார் என்பது சுன்னி வாசிப்பு.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, நபி மறைந்தார். அலியும் குடும்பத்தாரும் உடலைக் குளிப்பாட்டும் வேலையில் இருக்கிறார்கள். மதீனாவாசிகளான அன்ஸார்கள், பனூ ஸாஇதா குலத்தாரின் பந்தலில் கூடித் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறார்கள். செய்தி கேட்டு அபூபக்கர், உமர், அபூஉபைதா மூவரும் விரைந்து போகிறார்கள். வாக்குவாதம் முற்றி, கடைசியில் உமர் அபூபக்கரின் கையைப் பிடித்து பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்கிறார், மற்றவர்களும் செய்கிறார்கள். பிற்காலத்தில் உமரே ஒரு குத்பாவில், அந்த பைஅத் திடுதிப்பென்று நடந்துவிட்டதுதான், ஆனால் அதன் தீங்கிலிருந்து அல்லாஹ் காத்தான் என்று சொன்னதாக சுன்னிகளின் முதன்மையான ஹதீஸ் தொகுப்பான புகாரீயில் இருக்கிறது.

சுன்னிகளுக்கு அது சமுதாயம் சிதறிப்போகாமல் காத்த பந்தல். உடல் அடக்கமாகும் முன்பே ஆட்சி கைமாறிய பந்தலாக ஷியாக்கள் அதைப் பார்க்கிறார்கள்.

அடுத்து வருவது ஃபதக். கைபருக்குப் பக்கத்தில் இருந்த பேரீச்சந்தோட்ட நிலம். தந்தையின் சொத்தாக அதைப் பாத்திமா கேட்டார். ‘நபிமார்களாகிய எங்களுக்கு வாரிசுரிமை இல்லை, நாங்கள் விட்டுச் செல்வது தர்மம்’ என்று நபியிடம் கேட்டிருக்கிறேன் என்று சொல்லி அபூபக்கர் மறுத்துவிட்டார். பாத்திமா கோபம்கொண்டு, இறக்கும்வரை அவரோடு பேசவில்லை என்றும், அவர் ஆறு மாதம் உயிரோடிருந்தார் என்றும் புகாரீயின் அறிவிப்பு சொல்கிறது. அவர் இறந்தபிறகே அலி பைஅத் செய்தார் என்பதும் அதே அறிவிப்பில் உள்ளது. சட்டத்தை மீற முடியாத ஒரு கலீஃபாவின் இக்கட்டாக சுன்னிகள் இதைப் படிக்கிறார்கள். ஷியா வீடுகளில் இது இன்னும் ஆறாத புண்.

குழாய் யாருடையது?

இதெல்லாம் பழைய அரசியல், இன்றைக்கென்ன என்று கேட்கத் தோன்றும். இன்றைய தொழுகைவரை இது வந்து சேர்கிறது, எப்படியென்று பாருங்கள்.

புகாரீ தொகுப்பின் முதல் ஹதீஸ், ‘செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே’ என்பது. தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் மதரஸாவில் முதலில் மனப்பாடம் செய்பவற்றில் ஒன்று. அதற்கு ஒரு தொடர் உண்டு. புகாரீக்குச் சொன்னவர் ஹுமைதீ. அவருக்கு ஸுஃப்யான். அவருக்கு யஹ்யா இப்னு ஸஈத். அவருக்கு முஹம்மத் இப்னு இப்ராஹீம். அவருக்கு அல்கமா. அல்கமா, உமர் மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்) நின்று சொல்லக் கேட்டார். உமர் நபியிடம் கேட்டார்.

ஹதீஸ் ஆய்வாளர்கள் இந்தத் தொடரில் ஒவ்வொருவரையும் குடைந்து எடுப்பார்கள். ஞாபகசக்தி எப்படி, பொய் சொன்னதுண்டா, இருவரும் ஒரே காலத்தவர்தானா, சந்தித்தார்களா. ஈவிரக்கமே இருக்காது. பெரிய பக்திமானாக இருந்தாலும் மறதிக்காரர் என்றால் தள்ளிவிடுவார்கள். ஆனால் தொடர் தோழரிடம் வந்ததும் விசாரணை நின்றுவிடும். ‘தோழர்கள் எல்லோரும் நேர்மையாளர்கள்’ என்பது சுன்னி ஹதீஸ் கலையின் அடித்தள விதி. பாவமே செய்யாதவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. நபியின் பெயரால் வேண்டுமென்றே பொய் சொல்லமாட்டார்கள் என்பதுதான் பொருள்.

இந்த விதியைக் கழற்றிப் பாருங்கள். அபூஹுரைரா என்ற தோழர் வழியாக மட்டும் 5,374 ஹதீஸ்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. நபியின் மனைவியும் அபூபக்கரின் மகளுமான ஆயிஷா வழியாக இரண்டாயிரத்துக்கும் மேல். வீட்டுக்குள் நபி எப்படி வாழ்ந்தார் என்பதில் பெரும்பகுதி ஆயிஷா சொல்லித்தான் சுன்னி உலகத்துக்குத் தெரியும். ஆகவே தோழர்மீது ஒருவர் கல்லெறியும்போது, பழைய மனிதர் ஒருவரை ஏசுகிறார் என்று சுன்னிக்குப் படுவதில்லை. தன் வீட்டுக்குத் தண்ணீர் வரும் குழாயை உடைப்பதாகப் படுகிறது. மற்றபடி சாந்தமான ஒரு ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) கூட இந்தப் பேச்சில் மட்டும் குரலை உயர்த்துவது இதனால்தான்.

ஷியாவுக்கு வேறு குழாய். ‘உங்களிடம் இரண்டு கனமான பொருள்களை விட்டுச் செல்கிறேன்: அல்லாஹ்வின் வேதம், என் குடும்பத்தார்’ என்ற கருத்திலான நபிமொழி சுன்னி தொகுப்பான முஸ்லிமிலும் உண்டு. ஷியாக்களுக்கு மார்க்கத்தின் திறவுகோல் அது. நபிக்குப் பின் அலி, ஹசன், ஹுசைன் என்று பன்னிரண்டு இமாம்கள், பிழையிலிருந்து காக்கப்பட்டவர்கள். அவர்கள் சொன்னவை 941-ல் இறந்த குலைனீயின் ‘அல்காஃபீ’ உள்ளிட்ட நான்கு பெருந்தொகுப்புகளில் இருக்கின்றன. ‘எண்ணமின்றிச் செயலில்லை’ என்ற வாசகம் அல்காஃபீயிலும் வருகிறது, ஆனால் அங்கே அதைச் சொல்பவர் ஹுசைனின் மகன், நான்காம் இமாம் அலி இப்னு ஹுசைன். பண்டம் ஏறக்குறைய ஒன்றே. வந்த வழியில் உமர் இல்லை. உமரின் நேர்மையை ஒப்புக்கொள்ளாவிட்டாலும் ஷியாவின் மார்க்கத்தில் ஒரு செங்கல்லும் பெயராது. ஆகவே அவர்களால் தோழர்களைப் பற்றி வரலாறாகப் பேச முடிகிறது. சுன்னிகளுக்கு அது நம்பிக்கையின் அடிப்படைகளில் ஒன்றாக இருக்கிறது. ஒருவர் வரலாறு பேச, மற்றவர் காதில் அது மதநிந்தையாக விழ, பேச்சு பாதியில் முறிந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வசனத்துக்கு வசனம்

முதலில் பார்த்த (ரலி)க்குத் திரும்புவோம். அந்தச் சொல் குர்ஆனிலிருந்தே வந்தது. மக்காவிலிருந்து குடிபெயர்ந்த முஹாஜிர்களிலும் அன்ஸார்களிலும் முந்தியவர்களை ‘அல்லாஹ் பொருந்திக்கொண்டான், அவர்களும் அவனைப் பொருந்திக்கொண்டார்கள்’ என்கிறது 9:100. மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில், 628-ல், மரத்தடியில் பைஅத் செய்த சுமார் 1,400 பேரைப் பற்றி 48:18 அதே சொல்லைச் சொல்கிறது. அல்லாஹ்வே பொருந்திக்கொண்டேன் என்று சொன்னபிறகு குறைசொல்ல நாம் யார்? சுன்னி வாதத்தின் முதுகெலும்பு இது.

ஷியா உடனே அடுத்த பக்கத்தைத் திருப்புவார். 9:100-க்கு அடுத்த வசனமே, மதீனாவாசிகளில் நயவஞ்சகத்தில் ஊறியவர்கள் இருக்கிறார்கள், ‘அவர்களை நீர் அறியமாட்டீர், நாம் அறிவோம்’ என்கிறது. மரத்தடி பைஅத்தைப் பற்றிய அதே அத்தியாயத்தில், வாக்கை முறிப்பவர் தமக்கே கேடாக முறிக்கிறார் (48:10) என்ற நிபந்தனை இருக்கிறது. பொருந்திக்கொண்டது அந்தச் செயலை; பிற்பாடு என்ன செய்தாலும் சரி என்று எழுதிக் கொடுத்த பத்திரமா அது?

சுன்னியின் பதில்: நயவஞ்சகர்கள் தோழர் என்ற இலக்கணத்துக்குள்ளேயே வரமாட்டார்கள். நாளை எவன் தடம்புரள்வான் என்று அறிந்த இறைவன், தடம்புரளப் போகிறவனைப் பொருந்திக்கொண்டேன் என்று சொல்வானா?

ஹதீஸிலும் இதே பந்தாட்டம்தான். ‘என் தோழர்களை ஏசாதீர்கள், உங்களில் ஒருவர் உஹுத் மலையளவு தங்கம் செலவழித்தாலும் அவர்களின் இரு கையளவுக்கு ஈடாகாது’ என்பது சுன்னிகளின் வலுவான ஆதாரம். அது சொல்லப்பட்ட இடம் சுவையானது. காலித் இப்னு வலீத், மூத்த தோழர் அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃபோடு சண்டைபிடித்து ஏசியபோது நபி சொன்னது அது என்கிறது ‘முஸ்லிம்’ தொகுப்பின் அறிவிப்பு. ஆக ‘என் தோழர்களை’ என்று நபி எச்சரித்ததே, பிந்தி வந்த இன்னொரு தோழரைத்தான்.

வாளெடுத்தபோது

656-ல் மூன்றாம் கலீஃபா உஸ்மான் மதீனாவில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அலி கலீஃபாவானார். கொலைக்கு நீதி கேட்டு ஆயிஷா, தல்ஹா, ஸுபைர் மூவரும் படையோடு பஸ்ராவுக்கு வந்தார்கள். ஆயிஷா அமர்ந்திருந்த ஒட்டகத்தைச் சுற்றியே சண்டை நடந்ததால் அதற்கு ஒட்டகப் போர் என்று பெயர். தல்ஹாவும் ஸுபைரும் இறந்தார்கள். இந்த இருவரும் அலியும், சுன்னிகள் நம்பும் ‘சொர்க்கம் உறுதியான பத்துப் பேர்’ பட்டியலில் உள்ளவர்கள். எதிரெதிரே வாளோடு நின்ற மூவருக்கும் சொர்க்கம்! ஷியாக்கள் இந்தப் பட்டியலையே ஏற்பதில்லை.

சுன்னி அறிஞர்கள் இந்த முடிச்சை அவிழ்க்கும் சாவி இஜ்திஹாத். தகுதியுள்ளவர் ஆராய்ந்து முடிவெடுத்து, அது சரியானால் இரு கூலி, தவறானால் ஒரு கூலி என்ற நபிமொழியை இங்கே பொருத்துகிறார்கள். 657-ல் ஸிஃப்பீன் போரில் சிரியாவின் ஆளுநர் முஆவியா அலியை எதிர்த்ததையும் இப்படியே பார்க்கிறார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இப்போர்களில் நியாயம் அலியின் பக்கமே என்பதுதான் பெரும்பாலான சுன்னி அறிஞர்களின் முடிவும். அலி சரி, மற்றவர்கள் தவறினார்கள், ஆனால் பாவிகள் என்று சொல்லமாட்டோம். அதற்குமேல் வாயைத் திறக்காதே என்பதும் அவர்கள் வழி. ‘அல்லாஹ் என் கைகளை அந்த இரத்தத்திலிருந்து காத்தான், என் நாவை ஏன் அதில் நனைக்க வேண்டும்?’ என்று பிற்கால உமய்யா கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் சொன்னதாக ஒரு கூற்றை மேற்கோள் காட்டுவார்கள்.

ஷியாவுக்கு இந்த மௌனம் விளங்குவதில்லை. ஸிஃப்பீனில் அலியின் பக்கம் நின்ற கிழவர் அம்மார் இப்னு யாஸிர் கொல்லப்பட்டார். இஸ்லாத்துக்காக முதலில் உயிர்விட்ட ஸுமய்யாவின் மகன் அவர். ‘அம்மாரை அத்துமீறும் கூட்டம் கொல்லும்’ என்று நபி முன்பே சொன்னது புகாரீயிலும் இருக்கிறது. அத்துமீறிய கூட்டம் என்று நபியே பெயர் சூட்டியபிறகு அவர்கள் தலைவருக்கும் ஒரு கூலியா என்பது அவர்கள் கேள்வி. அந்த முஆவியாவின் மகன் யஸீதின் படைதான் 680 அக்டோபரில் கர்பலாவில் ஹுசைனைக் கொன்றது. ஷியா மனத்தில் பனூ ஸாஇதா பந்தலிலிருந்து கர்பலா மணல்வரை ஒரே கோடு ஓடுகிறது. சுன்னிகளும் கர்பலாவுக்காகத் துயரப்படுகிறார்கள்; ஆனால் அந்தக் கோட்டை வரைவதில்லை.

சொந்தபந்தமோ இந்தக் கோடுகளுக்கெல்லாம் அடங்காமல் பின்னிக் கிடக்கிறது. அஸ்மா பின்த் உமைஸ் என்ற பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கணவர் அலியின் அண்ணன் ஜஃபர். அவர் போரில் இறந்தபின் அபூபக்கரை மணந்தார். அபூபக்கர் இறந்தபின் அலியை. அபூபக்கருக்குப் பிறந்த மகன் முஹம்மத், அலியின் வீட்டில் வளர்ந்து, ஒட்டகப் போரில் தன் அக்காள் ஆயிஷாவுக்கு எதிராக அலியின் அணியில் நின்றார். போர் முடிந்ததும் ஆயிஷாவை மரியாதையோடு மதீனாவுக்கு அனுப்பிவைத்தார் அலி. ஷியாக்கள் அஸ்மாவையும் இந்த முஹம்மதையும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இந்த முஹம்மதின் பேத்திதான் ஆறாம் இமாம் ஜஃபர் ஸாதிக்கின் தாய். அப்படியென்றால் ஷியா இமாமின் உடம்பில் அபூபக்கரின் இரத்தம்! அலி தம் பிள்ளைகளுக்கு அபூபக்கர், உமர், உஸ்மான் என்று பெயர் வைத்ததையும் சுன்னிகள் எடுத்துக்காட்டுவார்கள். அந்தக் காலத்தில் அவை ஊரெங்கும் இருந்த பெயர்கள் என்பது ஷியாக்களின் பதில்.

ஏச்சின் வரலாறு

ஷியா என்றாலே தோழர்களை ஏசுபவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. மிம்பரில் ஏறித் தோழரை ஏசும் வழக்கத்தை அரசாங்க அளவில் முதலில் நடத்தியவர்கள் முஆவியாவின் வம்சத்தினரான உமய்யாக்கள், ஏசப்பட்டவர் அலி. 717-ல் ஆட்சிக்கு வந்த அதே உமர் இப்னு அப்துல் அஸீஸ்தான் அதை நிறுத்தினார். 1501-ல் ஈரானில் ஆட்சியைப் பிடித்த ஸஃபவிகள் முதல் மூன்று கலீஃபாக்களைப் பொதுவெளியில் சபிக்க வைத்தார்கள். இரண்டு பக்கமும் அரண்மனைக்கு அதில் ஆதாயம் இருந்தது என்பது என் கணிப்பு. இந்தியாவில் 1930-களில் லக்னோவில் சுன்னிகள் தெருவில் தோழர்களைப் புகழ்ந்து பாடுவதும், ஷியாக்கள் பதிலுக்குத் தபர்ராவில் (சபிப்பதில்) இறங்குவதுமாக ஊர் இரண்டுபட்டது; 1939-ல் ஆயிரக்கணக்கான ஷியாக்கள் கைதானார்கள். 1985-ல் பாகிஸ்தானின் ஜங் நகரில் ஷியாக்களுக்கு எதிராகக் கிளம்பிய அமைப்பு ‘ஸிபாஹே ஸஹாபா’, தோழர்களின் படை, என்றே பெயர் வைத்துக்கொண்டது.

மறுபக்கமும் உண்டு. ஆயிஷாவைப் பற்றி ஒரு ஷியா பேச்சாளர் கேவலமாகப் பேசிச் சர்ச்சையான பிறகு, 2010-ல் ஈரானின் அப்போதைய உச்சத் தலைவர் காமெனி, நபியின் மனைவி உட்பட சுன்னிகள் போற்றுபவர்களை இழிவுபடுத்துவது ஹராம் (விலக்கப்பட்டது) என்று ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தார். ஷியாக்கள் ஓதும் நான்காம் இமாமின் துஆத் தொகுப்பில், நபியின் தோழமையை நல்லவிதமாகக் காத்தவர்களுக்காகத் தனியே ஒரு பிரார்த்தனை இருக்கிறது. ஸல்மான் பார்ஸி, அபூதர், மிக்தாத், அம்மார் நால்வரும் அவர்களுக்குத் தோழமையின் இலக்கணம். பத்ரிலும் உஹுதிலும் உயிர்விட்ட ஹம்ஸா போன்றோரையும் அவர்கள் போற்றுகிறார்கள்.

யமனின் ஸைதிகளும் ஷியாக்கள்தான். அவர்களில் ஒரு சாரார், அலியே சிறந்தவர், ஆனால் அபூபக்கர், உமர் ஆட்சியும் செல்லும் என்றார்கள். ஓமானின் இபாதிகள் இரு அணியிலும் சேராதவர்கள்: முதலிருவரை ஏற்று, உஸ்மானின் பிற்கால ஆட்சியையும், ஸிஃப்பீனில் மத்தியஸ்தத்துக்கு ஒப்புக்கொண்ட அலியையும் குறைசொல்பவர்கள். சுன்னிகளிடத்திலும் நான்கு கலீஃபாக்கள் என்ற வரிசை ஒரே நாளில் வந்துவிடவில்லை; அலியை நான்காமவராகச் சேர்ப்பதற்கு 855-ல் இறந்த அஹ்மத் இப்னு ஹன்பல் போன்றவர்கள் வாதாட வேண்டியிருந்தது.

சென்னை அண்ணா சாலையில் பேருந்தில் போகிறவர்களுக்கு ஆயிரம் விளக்கு என்பது ஒரு நிறுத்தத்தின் பெயர். அந்தப் பெயரைத் தந்த மசூதி ஷியாக்களுடையது. முஹர்ரத்தில் அங்கே கர்பலாவுக்காக அழுகை கேட்கும். கர்பலாவோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று ஜாபிர் இப்னு அப்தில்லாஹ். ஹுதைபிய்யா மரத்தடியில் பைஅத் செய்த அன்ஸாரி அவர். அங்கே 1,400 பேர் இருந்தோம் என்று சொன்னவரும் அவர்தான். சுன்னி தொகுப்புகளில் அவர் வழியாக 1,500-க்கும் மேற்பட்ட ஹதீஸ்கள். ஹுசைன் கொல்லப்பட்ட நாற்பதாம் நாள், பார்வை மங்கிய முதியவராக, இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு கர்பலாவுக்கு வந்து, கப்ரை (அடக்கத்தலத்தை) தடவித் தேடி முதல் ஸியாரத் (புனிதத் தரிசனம்) செய்தவரும் அவரே என்பது ஷியாக்கள் போற்றும் செய்தி. அவர் பெயருக்குப் பின்னால், எந்தப் பக்கத்துப் புத்தகத்தைத் திறந்தாலும், அடைப்புக்குறி பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை.